அர்மேலுக்காக ஏழு நிமிடம்

வால் சொவின் பனிச்சறுக்கு மலைக்கு நூற்றுப் பதினான்கு பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அதில் பனியைப் பற்றி இரண்டு பக்கம். மீதி நூற்றுப் பன்னிரண்டும் சந்தோஷத்தைப் பற்றியது. பனி தானாக விழுந்துவிடும், சந்தோஷத்தை அப்படி வானத்தை நம்பி விட்டுவிட முடியாது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. பதினோராயிரம் கட்டில்களையும் ஆட்களை மலைமேல் ஏற்றும் எழுபது கம்பிவண்டிகளையும் வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இருக்கத்தானே செய்யும்.

அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே விருந்தாளி ரெமி வாஸராகத்தான் இருக்கும். வடக்கே லீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகராட்சியில், கழிவுநீர்ப் பிரிவில் அவன் எழுத்தர். கடவுள் நம்பிக்கை கிடையாது, காகித நம்பிக்கை உண்டு. சரியான காகிதத்தைச் சரியான சன்னலில் நீட்டினால் எப்பேர்ப்பட்ட சிக்கலும் ஒரு முத்திரையோடு தீர்ந்துவிடும் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பி வந்தவன்.

அவன் மனைவி அர்மேல் இதற்கு நேர்மாறு. எந்தக் காகிதத்தையும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுபவள். ஆனால் வருஷா வருஷம் பிப்ரவரி விடுமுறைக்கு மலையில் ஒரு வாரம் முன்பதிவு செய்வது மட்டும் அவள் வேலை; அதை ஏப்ரல் மாதமே மறக்காமல் செய்துவிடுவாள். போன ஏப்ரலிலும் செய்தாள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் தயிர் டப்பாவைக் கையில் எடுத்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரெமிக்கு அழத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தான். இறப்புச் சான்றிதழில் பதினைந்து நகல் எடுத்து ஒரு பச்சைக் கோப்பில் அடுக்கினான். வங்கி, தொலைபேசி, காப்பீடு, நூலகம், பள்ளிக்கூடத்து அவசர எண்கள், வாசலில் தபால்பெட்டி என்று ஒவ்வொரு இடமாகப் போய் அவள் பெயரை எடுத்தான். ஒவ்வொரு இடத்திலும் எடுத்தவுடன் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் முடிந்திருக்காது. மறுநாள் இன்னொரு இடத்துக்குப் போவான்.

கடைசியாகப் பாக்கி இருந்தது மலைதான். ரத்து செய்யலாம், ஆனால் முன்பதிவு செய்தவரே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. ஆகவே போக வேண்டியதாயிற்று. மூத்தவள் கிளேலியா, பதினைந்து வயது, வரமாட்டேன் என்றாள். சின்னவள் நினோன், எட்டு வயது, கட்டாயம் போக வேண்டும் என்றாள். ஏன் என்று ரெமி கேட்கவில்லை. குழந்தைக்குப் பனி பிடிக்கும் என்று தானாகவே மனசில் எழுதிக்கொண்டான்.

சனிக்கிழமை, விடுமுறைக்குக் கிளம்பிய பாதி நாட்டோடு பத்து மணி நேரம் காரில் ஊர்ந்து மலைக்கு வந்து சேர்ந்தார்கள். பூட்ஸ் வாடகைக் கடையில் இளைஞன் ஒருவன் கணினியைப் பார்த்து, கால் அளவைக்கூடக் கேட்காமல், நாலு ஜோடியை மேசையில் வைத்தான். அதில் முப்பத்தெட்டாம் எண் அர்மேலுடையது. மூன்று போதும் என்றான் ரெமி. கணினியிலிருந்து இறங்கிய பூட்ஸ் திரும்பக் கணினிக்குள் ஏற அடுத்த சனிக்கிழமை ஆகும் என்றான் கடைக்காரன். வேறு வழியில்லாமல் நாலு ஜோடியையும் தூக்கிக்கொண்டு, தங்கும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பெட்டியில் மாட்டினார்கள். அது பூட்ஸைச் சூடாக்கும் பெட்டி. நாலு கொக்கியிலும் வெந்நீர்க் குழாய் ஓடும். விருந்தாளி காலையில் குளிர்ந்த பூட்ஸில் கால் வைத்து மனம் நொந்துவிடக் கூடாது என்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

ஞாயிறு காலை முதல் வாசலுக்குப் போனார்கள். மலைமேல் போகும் எல்லாக் கம்பிவண்டிகளுக்கும் அதுதான் தொடக்கம். அந்த வாசலைக் குடும்பம் ஒன்றாகத்தான் கடக்க வேண்டும். ஒன்பதாவது விதி, 'ஒன்றாய்த் தொடங்குவோம்'. நால்வர் சீட்டு என்றால் நாலு பேரும் சட்டைப் பையில் நுழைவு அட்டையோடு வந்து நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தால் வாசல் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடாது. அது பண்பான வாசல். ஏழு நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் திறக்கும். அதற்குப் பெயர் பாசக் காத்திருப்பு. ஆறு நிமிடம் காத்திருந்தால் பாசம் போதாது, எட்டு நிமிடம் என்றால் அது கசந்துவிடும் என்று ஆள் வைத்து ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

மூவரும் போய் நின்றதும் வாசலுக்கு மேலிருந்த திரை விழித்துக்கொண்டது.

'வாஸர் குடும்பமே, வணக்கம். மூவர் வந்துவிட்டீர்கள். அர்மேலுக்காகக் காத்திருக்கிறோம்.'

எழுத்துக்கு மேலே அவள் படம், ஒரு ஆள் உயரத்துக்கு. போன வருஷம் அட்டைக்காக எடுத்தது. பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சிரித்தாள் என்று ரெமிக்குத் தெரியும். கையுறையை அறையிலேயே விட்டுவிட்டு வந்ததை அந்த நொடியில்தான் கண்டுபிடித்திருந்தாள். ஒரு வருஷமா இரண்டு வருஷமா, பதினோரு வருஷமாக இதே கதை. தினமும் வாசலுக்கு வந்தபின் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்ப்பாள். 'ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்' என்று திரும்பி ஓடுவாள். ரெமி கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், கிளேலியா பல்லைக் கடிப்பாள், நினோன் பனியில் உட்கார்ந்துவிடுவாள்.

ரெமியால் திரையைப் பார்க்க முடியவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தான். கிளேலியா காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எதிர் மலையைப் பார்த்து நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. நேர் பின்னால் நின்ற கனத்த உடம்புக்காரர், பெல்ஜியக்காரர் என்று பேச்சில் தெரிந்தது, ரெமியின் தோளைத் தட்டினார்.

"வீட்டுக்காரம்மா லேட்டா சார்? எங்க வீட்லயும் இதே பாடுதான்."

"ஆமா," என்றான் ரெமி.

ஏழு நிமிடம் ஆனதும் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வாசல் திறந்தது. நினோன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கையில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதியைப் பத்திரமாகப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். "அதுக்குள்ள ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டாள்.

குழந்தை மரத்துப்போய் நிற்கிறது என்று ரெமி நினைத்தான். எட்டு வயதுப் பெண்ணைத் தினம் காலையில் செத்துப்போன அம்மா முகத்துக்கு முன்னால் ஏழு நிமிடம் நிறுத்தப் போகிறார்களே என்று கொதித்தான். அந்தத் திரையிலிருந்து அர்மேல் பெயரை எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தான். நல்லவேளை, பச்சைக் கோப்பு காரில் இருந்தது.

குடும்ப மகிழ்ச்சி அலுவலகம் திங்கள்கிழமை திறந்தது. சன்னலுக்குப் பின்னால் மதாம் கிரோலே என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, மார்பில் சிரிக்கும் சூரியன் படம் போட்ட பொத்தான். ரெமி சான்றிதழை நீட்டினான். அவர் இருபக்கமும் புரட்டிப் பார்த்தார், வருத்தம் தெரிவித்தார், கணினியில் எதையோ தேடினார். ஒருவர் மலைக்கு வராமல் போவதற்கு அங்கே ஒன்பது காரணங்கள் இருந்தன. முழங்கால், வேறு எலும்பு, கர்ப்பம், அலுவலக வேலை, வழி தவறுதல், உயர பயம், மனஸ்தாபம், மணமுறிவு, நாய்க்கு உடம்பு சரியில்லை. சாவு இல்லை.

"மணமுறிவுன்னு போட்டுக்கலாமா முசே வாஸர்? அது இன்னைக்கே முடிஞ்சுடும். நெறைய பேரு இங்க வந்துதான் அதப் போட்டுக்கறாங்க, புதன்கிழமை வாக்குல."

"நாங்க பிரியலயே."

"சரி, மனஸ்தாபம்?"

"அதுவும் இல்ல மதாம்."

"அப்பறம் எப்படி அவங்க வராம இருக்காங்க?" என்றார் மதாம் கிரோலே. ஏளனமே இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். ரெமி சான்றிதழைத் தொட்டுக் காட்டினான். அது நகராட்சி கொடுத்த காகிதம், நகராட்சி கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, இது ஆயிரத்தெண்ணூறு மீட்டர் என்று விளக்கினார் அவர். மலை மருத்துவர் ஒருவர் இருக்கிறார், அவர் எழுதிக் கொடுத்தால் தன் கணினி ஒத்துக்கொள்ளும். தனக்கும் இதில் ஆசை என்று இல்லை, விதி அப்படி என்றார்.

செவ்வாய்க்கிழமை ரெமி மருத்துவரிடம் போனான். அடிபட்ட முழங்கால்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தான். மருத்துவர் வெயிலில் கறுத்த இளைஞர், அவசரக்காரர். நோயாளி எங்கே என்றார். ரெமி சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். நேரில் பார்க்காமல் ஒருவரை இறந்தவர் என்று எழுதத் தன் தொழில் தர்மம் இடம் தராது, ஆனால் தன்னால் ஆன உதவியைச் செய்வதாகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். 'திருமதி அர்மேல் வாஸர் பதினைந்தாம் தேதிவரை பனிச்சறுக்குக்குத் தகுதியற்றவர். முழு ஓய்வு தேவை. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும்.'

மதாம் கிரோலே அதைப் படித்துவிட்டு மகிழ்ந்தார். ஓய்வில் இருப்பவர் குடும்பத்தில் இருப்பவர்தான் என்பதால் பெயரை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார்.

அன்று காலையும் ஏழு நிமிடம். அதற்கு முன்பு பூட்ஸ் எடுக்க அடித்தளத்துக்கு இறங்கியபோது ரெமி ஒன்றைப் பார்த்தான். நினோன் எல்லோருக்கும் முன்னால் வந்து பெட்டி எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் அர்மேலின் பூட்ஸுக்குள் மணிக்கட்டுவரை விட்டிருந்தாள்.

"உள்ள சூடா இருக்குப்பா. இப்பதான் கழட்டி வெச்ச மாதிரி."

ரெமி சட்டென்று அவள் கைகளை வெளியே எடுத்தான். பெட்டிக் கதவை வேகமாக மூடினான். பிள்ளை தன்னைத்தானே வதைத்துக்கொள்கிறது, இந்தப் பூட்ஸையும் ஒழிக்க வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டான்.

புதன்கிழமை கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்து கிடந்தது. கெட்டித் தாள், பொன்னிற ஓரம். 'அன்புள்ள அர்மேல், மூன்று நாட்களாகத் தாங்கள் மலையைத் தவிர்த்து வருவதைக் கவனித்தோம். தங்கள் குடும்பம் தினமும் காலையில் தங்களுக்காக நிற்கிறது. என்ன கோபம் இருந்தாலும் அதைப் பனியில் விட்டுவிடலாமே. தாங்களும் தங்கள் கணவரும் மனம்விட்டுப் பேச, நிர்வாகத்தின் அன்பளிப்பாக ஒரு சமாதானச் சீஸ் விருந்து இன்று மாலை அறைக்கு அனுப்பப்படும்.' அனுப்பவும் செய்தார்கள். உருகிய சீஸ் பானை, ரொட்டித் துண்டுகள், ஒரு மெழுகுவத்தி, நீளமான இரண்டு முள்கரண்டி. கொண்டுவந்த பணிப்பெண் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, 'விட்டுக்கொடுத்துப் போங்க சார்' என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

வீணாக்க மனம் இல்லாமல் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நினோன் நாலு தட்டு வைத்திருந்தாள். ரெமி ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தான். கிளேலியா அவனையே பார்த்தாள், பிறகு ரொட்டியைப் பார்த்தாள். கடிதத்தைக் கிழித்துப் போட ரெமி தேடியபோது அது கிடைக்கவில்லை. முன்பெல்லாம் அந்த மேசையில் ரொட்டியைப் பானைக்குள் நழுவவிடுபவருக்குத் தண்டனை உண்டு. எப்போதும் அர்மேல்தான் நழுவவிடுவாள், எப்போதும் பாட்டுப் பாடுவாள், அவளுக்கு ஒரு பாட்டும் முழுதாக வராது.

வியாழக்கிழமை ரெமி விதிப்புத்தகத்தையும் பச்சைக் கோப்பையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே மலை இயக்குநரின் அறைக்கே போய்விட்டான். முசே பெரோதான் நெடிய, நரைத்த, அழகான மனிதர். எழுந்து வந்து கையைப் பிடித்தார், பிடித்த கையை விடாமல் உட்கார வைத்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே எறும்பு எறும்பாக மனிதர்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முசே வாஸர், நான் இந்த மலைக்கு வந்து இருவத்திரெண்டு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் இங்க ஒருத்தர்கூடச் செத்ததில்ல. காலு ஒடஞ்சிருக்கு, முதுகு போயிருக்கு, பனிச்சரிவுல மூணு பேரு பொதஞ்சுகூடப் போயிருக்காங்க. ஆனா எல்லாரையும் உயிருள்ள ஆளுங்களாவே கீழ அனுப்பிடுவோம். கீழ ஆஸ்பத்திரியில என்ன ஆகுதுங்கறது பள்ளத்தாக்குக்காரங்க பாடு. நம்ம ஏட்டத் தொறந்தீங்கன்னா பனி மாதிரி வெள்ளையா இருக்கும். அதுல இப்ப நீங்க வந்து ஒரு சாவ எழுதச் சொல்றீங்க."

அவள் இங்கே சாகவில்லை என்றான் ரெமி.

"அது இன்னும் மோசம் இல்லையா? வெளியூர்ச் சாவ நான் எதுக்கு என் ஏட்டுல ஏத்திக்கணும்? தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் மனசு இருக்கு. குடும்பம்னா என்னன்னு எனக்குத் தெரியும். எனக்கே மூணு குடும்பம் இருந்துச்சு. மூணையும் நால்வர் சீட்டுலதான் வெச்சிருந்தேன்."

பிறகு அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். முப்பத்தொன்றாம் எண் படிவம், 'குடும்பத் திருத்தம்'. அதைப் போட்டால் சாவு, நோவு எதுவும் பேச வேண்டியதில்லை, நாளைக் காலையே திரையில் பெயர் இருக்காது, பூட்ஸையும் இன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். கீழே ஒரே ஒரு கையெழுத்து. ரெமி கையெழுத்துப் போடும் முன் எதையும் படிப்பவன், படித்தான். 'எங்கள் குடும்பம் தொடக்கத்திலிருந்தே மூவர் கொண்டது எனவும், நான்காம் நபரின் பெயர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது எனவும் உறுதி கூறுகிறேன்.'

தவறுதலாக. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், நூலகத்தில் யாருடைய குடையையோ தன் குடை என்று எடுத்துக்கொண்டு கிளம்பிய ஒரு பெண்ணின் பின்னால் மழையில் ஓடினான் ரெமி. குடை அவனுடையது. அப்படித்தான் தொடங்கியது. அந்த வகையில் பார்த்தால் அவள் தவறுதலாகச் சேர்ந்தவள்தான். இப்படி ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டதாக அவளுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தான். சிரித்திருப்பாள், சிரித்துவிட்டுப் பேனாவையும் எங்கேயோ வைத்திருப்பாள். பிறகு பூட்ஸுக்குள் கைவிட்டு உட்கார்ந்திருந்த நினோனை நினைத்தான். குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். முசே பெரோதான் எழுந்து நின்று கைகுலுக்கினார், ஒரு சிரிக்கும் சூரியன் பொத்தானையும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரெமி பல நாளுக்குப் பிறகு இலேசாக எழுந்தான். காகிதம் கடைசியில் வேலை செய்துவிட்டது. அடித்தளத்தில் நினோன் வழக்கம்போல் முன்னாலேயே போயிருந்தாள். நாலாவது கொக்கி காலியாக இருந்தது.

"அம்மா பூட்ஸ் எங்கப்பா?"

"குடுத்துட்டேன் கண்ணு."

அவள் வெறும் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. வாசலில் போய், தினமும் நிற்கும் அதே இடத்தில், பைக்குள்ளிருந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நின்றாள்.

திரை விழித்தது. பச்சை வெளிச்சம், ஒரு துண்டு இசை. 'வாஸர் குடும்பமே, வாழ்த்துகள்! மூவருக்கு மூவர். உங்கள் குடும்பம் முழுமை. உள்ளே வாருங்கள்.' வாசல் அகலத் திறந்துகொண்டது.

நினோன் நகரவில்லை. படம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிரிக்கும் சூரியன் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்ப்பா தொறந்துச்சு? அம்மாவுக்கு நிக்கவே இல்லையே."

இனிமேல் நிற்காது, பெயரை எடுத்தாயிற்று, இனி தினமும் அதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம் என்று ரெமி குனிந்து மெல்லச் சொன்னான். நல்ல செய்தி சொல்பவனின் குரலில் சொன்னான், பாவி. நினோனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது.

"எல்லா எடத்துலயும் அம்மா பேர எடுத்துட்ட. போன்ல எடுத்துட்ட, தபால்பெட்டியில எடுத்துட்ட, ஸ்கூல்ல எடுத்துட்ட. இங்க மட்டுந்தான் பாக்கி இருந்துச்சு. இங்க மட்டுந்தான் அம்மா கையுறை எடுக்கப் போயிருந்தா."

ரெமி பனியில் முட்டி போட்டுவிட்டான். வாரம் முழுக்கக் குழந்தை எதற்காக முதலில் எழுந்தாள், எதற்காகப் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தாள் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. பதினைந்து நகல் எடுத்தவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளிடம் கேட்டிருக்கலாம். கிளேலியாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நினோனின் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான்.

மதாம் கிரோலே பொறுமையாகக் கேட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"முசே, அவங்க பேரு தப்பா சேந்துடுச்சுன்னு நீங்களேதான எழுதிக் குடுத்திருக்கீங்க. தப்பத் திரும்பச் சேக்கறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்ல."

"அந்தப் படமாச்சும் குடுங்க."

"பேர எடுத்தா படம் தானா அழிஞ்சுடும். அவங்க விவரத்தப் பாதுகாக்கத்தான் அப்படி வெச்சிருக்காங்க." அவர் சன்னலுக்குக் கீழே எட்டி நினோனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுசா சேத்துக்கலாம். ரெண்டு நிமிஷ வேலதான். ஆனா அவங்க நேர்ல வரணும்."

"நேர்ல வந்தா நாங்க எதுக்கு மதாம் உங்ககிட்ட வரப்போறோம்," என்றான் ரெமி. கத்தவில்லை. கத்துகிற அளவுக்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. பச்சைக் கோப்பைச் சன்னலிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தான்.

வாசலில் கிளேலியா தனியாக நின்றுகொண்டிருந்தாள். காதுக் கருவி கழுத்தில் தொங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டாள். போனை எடுத்து எதையோ தேடித் தங்கையின் முன்னால் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம். திரை, அதில் அர்மேல், கீழே 'அர்மேலுக்காகக் காத்திருக்கிறோம்'. வாரம் முழுக்க எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், யாரும் கவனிக்காத நேரத்தில் அதை எடுத்து வைத்திருந்தாள்.

"ஏழு நிமிஷம் வெக்கறேன்," என்று அலாரத்தை அமுக்கினாள் கிளேலியா. "நில்லுங்க."

மூவரும் திறந்த வாசலுக்கு முன்னால் நின்றார்கள். இப்படி ஒன்று நடக்கும் என்று விதிப்புத்தகம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. மூடிய வாசலில் எத்தனை நேரம் நிற்கலாம் என்று அதில் இருக்கிறது, திறந்த வாசலில் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். வாசலுக்கு வேறு பேச்சு தெரியாது. பத்து நொடிக்கு ஒருதரம், 'உங்கள் குடும்பம் முழுமை, உள்ளே வாருங்கள்' என்று அதே குரலில் அழைத்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. காவலாள் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

பெல்ஜியக்காரர் அன்றும் பின்னால்தான் இருந்தார். "கதவு தொறந்துதான சார் இருக்கு? இன்னைக்கும் வீட்டுக்காரம்மா லேட்டா?"

ரெமி திரும்பினான். நவம்பரிலிருந்து பதினைந்து நகல்கள் அவனுக்காகப் பேசியதை அன்று முதல் தடவையாக வாயால் சொன்னான்.

"என் மனைவி செத்துட்டா சார். அவ வரமாட்டா. இன்னும் நாலு நிமிஷம் நிக்கணும்."

பெல்ஜியக்காரரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பின்னால் கத்தியவர்களிடம் திரும்பி, ஒரு நாலு நிமிஷம் பொறுக்க முடியாதா என்று அதட்டினார். ரெமி திரையைப் பார்த்தான், கிளேலியா கையிலிருந்த போனைப் பார்த்தான், அதிலிருந்த அர்மேலை நேராகப் பார்த்து அழுதான். மகள்கள் எதிரில் அழுதான். கிளேலியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நினோன் பனியில் உட்கார்ந்து, அம்மா தாமதமாகும்போதெல்லாம் செய்வதுபோல, குதிகாலால் ஒரு குழி பறித்தாள். பைக்குள்ளிருந்து வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பாதிப் பிஸ்கட்டுகளை எடுத்துக் குழிக்குள் அடுக்கிப் பனியால் மூடினாள்.

அலாரம் அடித்தது. நினோன் எழுந்து முட்டியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள்.

'உங்கள் குடும்பம் முழுமை, உள்ளே வாருங்கள்' என்றது வாசல், நாற்பத்திரண்டாவது முறையாக.

"பொய் சொல்லுது," என்றாள் நினோன். அப்பாவின் கையை ஒரு பக்கமும் அக்காவின் கையை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.